பனிக்கு நமத்த அப்பளம்

ஆண்பிள்ளை தானாக அடுப்படிக்குள் நுழைந்தால் ஒன்று பசி, இல்லாவிட்டால் பயம். அன்று வீரசிங்கத்துக்குப் பயம். பெரகல சந்தியில் கடை வைத்திருக்கும் ஸனூஸ், தன் மனைவி ஷிஹானாவோடு மத்தியானச் சாப்பாட்டுக்குத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வரப்போகிறார். வீரசிங்கத்தின் பெண்டாட்டி ஜீவராணியின் சமையல் பிடித்துவிட்டால், கடையோடு ஒட்டிய சின்ன அறையை அவளுக்குச் சாப்பாட்டு வியாபாரத்துக்குக் கொடுப்பார். பிடிக்காவிட்டால், அடுத்த மாதம் அவள் மறுபடியும் சைப்பிரசுக்கு வீட்டு வேலைக்குப் போய்விடுவாள். புருசன்காரன் நாலு வருசம் ஒண்டியாய்ச் சோறு தின்று பார்த்தவன். இன்னொரு தடவை அவனால் ஆகாது.

ஜீவராணியின் யோசனை நல்ல யோசனைதான். சந்தியில் பஸ் ஐந்து நிமிசம்தான் நிற்கும். புழுங்கலரிசிச் சோறு, டின்மீன் கறி, சம்பல் மூன்றையும் ரொட்டியில் வைத்துச் சுருட்டிக் கொடுத்தால் ஒரு கையில் பிடித்துக்கொண்டே தின்னலாம். அதற்கென்று பதுளையெல்லாம் அலைந்து ஒரே ஒரு பாக்கெட் மெல்லிய ரொட்டி வாங்கி வைத்திருந்தாள். வீரசிங்கத்துக்கோ ரொட்டி என்றால் கோதுமை மா பிசைந்து தடிப்பாகத் தட்டுவதுதான். இந்தப் பாக்கெட்டை அவன் எங்கே கண்டான்?

அவள் பீலியில் குளிக்கப் போன நேரம் பாக்கெட் இவன் கண்ணில் பட்டது. வட்டம் வட்டமாகப் பத்து. ஒன்றை எடுத்தான், துணி மாதிரி தொங்கியது.

"அட, பனிக்கு அப்பளம் நமத்துப் போச்சே!"

நமத்தாலும் என்ன, காய்ந்த எண்ணெயில் போட்டால் சரியாகிவிடும். நல்ல மனசுக்காரன், பத்தையும் பொரித்துத் தள்ளிவிட்டான்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த ஜீவராணி வாசலிலேயே நின்றாள்.

"என்னங்க இது?"

"அப்பளம், ராணி. ஒண்ணக்கூடக் கருக விடல."

"அய்யோ, பாவி மனுசா! அதுதாங்க சுருட்டுற ரொட்டி!" அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் போயே தீரணும்னு இருக்கு போல."

அதற்குள் வெளியே ஆட்டோ வந்து நின்றது. அழக்கூட நேரமில்லை. சோற்றையும் கறியையும் தட்டில் போட்டு, வேறு வழியில்லாமல் பொரித்ததையும் பக்கத்தில் வைத்தாள்.

"அவ ரொட்டியில சுருட்டித் தரத்தாங்க நெனச்சா. நான்தான் கெடுத்துட்டேன்" என்று வீரசிங்கம் தொடங்கினான்.

ஷிஹானாவின் காதில் அது விழவில்லை. ஒரு துண்டை ஒடித்து, சோற்றையும் மீனையும் அதிலேயே அள்ளி, நறுக்கென்று கடித்தாள். இன்னொரு துண்டை ஒடித்துப் புருசனிடம் நீட்டினாள்.

"இத யாரு பொரிச்ச?"

"நான்தாங்க. தெரியாம."

ஸனூஸ் மூன்றைத் தின்று முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "நல்ல ருசியா ஈக்கி. சுருட்டுறத நீங்க பாருங்க தங்கச்சி, பொரிக்கிறத இவரு பாக்கட்டும்."

சட்டைப் பையிலிருந்து அறைச் சாவியை எடுத்து நீட்டினார். ஜீவராணியின் கையெல்லாம் சம்பல்.

"நீங்களே வாங்கிக்குங்க" என்றாள் புருசனைப் பார்த்து. சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை.

வீரசிங்கம் எண்ணெய்க் கையாலேயே வாங்கினான். யாராவது திருப்பிக் கேட்டுவிடப் போகிறார்களே என்று விரல்களை இறுக மூடிக்கொண்டான்.