பன்னெண்டு மணி பஸ்

டிவியில் ஒரு வெள்ளைக்காரி கண்ணாடி முன் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கறுப்பு வெள்ளைப் படம். தொப்பியில் நீளமாக ஒரு இறகு. மொச்சை உரித்துக்கொண்டிருந்த மெஹருன்னிசாவின் கை நின்றுவிட்டது.

"ஏங்க, இங்கன வாங்க. அவதானே இது?"

கொல்லைப்புறத்தில் சவரம் செய்துகொண்டிருந்த செய்யது அலி ஒரு கன்னத்தில் நுரையோடு வந்து பார்த்தார். "அவளேதான்" என்றார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மருமகள் வந்து கேபிள் இழுத்த பிறகுதான், பழைய இங்கிலீஷ் படங்களையே ராப்பகலாகப் போடும் சேனல் ஒன்று இருப்பது மெஹருன்னிசாவுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து இந்த ஒரு படத்துக்காகத்தான் காத்திருக்கிறாள். பார்க்கிற ஆசை மட்டுமில்லை, அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம் பார்க்கிற ஆசை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உள்ளே கிடக்கும் ஆசை அது.

அப்போது வீடு எப்போதும்வென்றான் கிராமத்தில். அவருக்குக் கோவில்பட்டியில் ஜவுளிக்கடை வேலை. வாரம் பூரா கடையிலேயே படுக்கை. ஞாயிற்றுக்கிழமை காலைக்காட்சியில் இங்கிலீஷ் படம் பார்த்துவிட்டுப் பன்னெண்டு மணி பஸ்ஸில் ஊருக்கு வருவார். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, காலில் அப்பிய கரிசல் மண்ணோடு வாசலில் நிற்பார். கால் கழுவத் தண்ணீர் ஊற்றும்போதே கதை ஆரம்பித்துவிடும். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அதனால் என்ன? அந்தம்மா கவுனுக்குப் பதினாலு கெஜம் ஆகியிருக்கும் என்பதுவரை சொல்லிவிடுவார். புயலில் போன கப்பல்காரனும், குதிரையேறிப் போன துப்பாக்கிக்காரனும் கடைசியில் வீடு வந்து சேர்ந்துவிடுவார்கள். "வெள்ளக்காரனுக்கு வீட்ட விட்டா வேற போக்கிடமே கெடையாதா?" என்று இவள் சிரிப்பாள்.

ஒரே ஒரு தடவைதான் சிரிக்கவில்லை. தலைப்பிள்ளையை நாற்பது நாளில் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, இனி அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று ஓட்டப்பிடாரத்தில் உம்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாள். யார் யாரோ வந்து புத்தி சொன்னார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அதே பஸ்ஸில், தன் ஊரில் இறங்காமல், ஓட்டப்பிடாரம்வரை வந்தார் இவர். வா என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு அன்றைக்குப் பார்த்த படத்தைச் சொன்னார். தொப்பியில் இறகு வைத்த பெண்டாட்டி, பிள்ளையைப் பறிகொடுத்தவள், புருஷனை விட்டுவிட்டு ரயிலேறுகிறாள். வண்டி நகர்ந்த பிறகு மனசு கேட்காமல் இறங்கி ஓடி வருகிறாள். மறுநாளே மெஹருன்னிசா துணிமணியை மூட்டை கட்டினாள்.

இப்போது டிவியில் அதே ரயிலடி. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். கையுறை ஒன்று கீழே விழுகிறது. அவர் சொன்னது சொன்னபடியே வந்துகொண்டிருந்தது. மொச்சையை மறந்து மெஹருன்னிசா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதோ இறங்கப்போகிறாள். இத்தனை வருஷம் கழித்து அவளைக் கண்ணால் பார்க்கப்போகிறோம்.

செய்யது அலி எழுந்தார். ஆணியில் கிடந்த சட்டையை எடுத்தார்.

"எங்க கெளம்புதீங்க?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றவர், சட்டையில் ஒரு கை நுழைந்த நிலையில் அப்படியே நின்றுவிட்டார். எந்த பஸ்? கோவில்பட்டிக்கே குடிவந்து பிள்ளை பெற்று, பிள்ளைக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது.

மெஹருன்னிசா அவரையே பார்த்தாள். காய்ந்துபோன நுரை கன்னத்தில் வெடித்திருந்தது.

"அப்போ கடைசிய நீங்க..."

"ஒரு படத்துக்கும் பாத்ததில்ல, மெஹரு. பன்னெண்டு மணி பஸ்ஸ விட்டா, அடுத்தது பொழுது அடையத்தான். நீ வாசல்ல நிப்பே."

அவளுக்குக் கோபம் வந்தது. இவர் பேச்சை நம்பியல்லவா அன்றைக்கு அந்த வாசலை மிதித்தாள்.

"ஓட்டப்பிடாரத்துல வந்து சொன்னீங்களே, அதுவும் அப்படித்தானா?"

"அதுவும்தான்."

"அவ எறங்கலன்னா?"

அவர் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். "நீ வந்துட்டியே" என்றார். பிறகு, கெஞ்சுகிற குரலில், "டிவிய அமத்திரு. நமக்கு எதுக்கு?" என்றார்.

ரிமோட் அவள் மடியில், மொச்சைத் தோலுக்கு நடுவே கிடந்தது. அதை எடுத்தாள். ரயில் ஊதியது. படியில் நின்றிருந்த வெள்ளைக்காரி உள்ளே போய்விட்டாள்.

மெஹருன்னிசா ரிமோட்டைக் கீழே வைத்தாள். தொங்கிக்கொண்டிருந்த சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. இன்னைக்கு பஸ் கெடையாது."

அவர் நாற்காலிக்குப் போகாமல் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது. புகை கிளம்பி ரயிலடி முழுவதையும் மூடிக்கொண்டது. இறகுத் தொப்பியும் தெரியவில்லை, அந்தப் புருஷனும் தெரியவில்லை. சட்டைக்கையை விடாமல் மெஹருன்னிசா முன்னால் சாய்ந்தாள்.

"எறங்கிருட்டி" என்றாள். "ஏட்டி, எறங்கிரு."

புகை விலகத் தொடங்கியது.