ஊதாப் பையின் உள்பக்கம்

எங்கள் வீட்டில் இருவருக்கும் பிழைப்பு வெள்ளையில். நான் பல் செட் செய்கிறவன். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் வெள்ளையை வேறு வேறு வெள்ளையாகப் பிரித்துச் சோறு தின்கிறேன். அவள் வெள்ளையை உடுத்திக்கொண்டு வார்டு வார்டாக ஓடுகிறாள். அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் அவளுக்கு ஊதா வேண்டும். அதுவும் பெரிய கம்பெனிகளின் தோல் கைப்பைகளாக வேண்டும்.

எல்லாம் பிறர் வாங்கிச் சலித்து விற்றவைதான். அப்படியும் விலையைக் கேட்டதும் என் மாமியார் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டார். கத்தரிக்காய், திராட்சை, வெங்காயத்தோல், மழைக்கு முந்தின வானம் என்று ஒவ்வொரு பைக்கும் ஒரு பெயர். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

"பல்லுல மட்டும் அத்தன கலர் தெரியுது, இதுல தெரியலையா? நடிக்காதீங்க" என்பாள். சத்தியமாக நடிக்கவில்லை.

ஒரு பையும் அலமாரியைத் தாண்டியதில்லை. அவள் வேலைக்குப் போவது மருந்துக் கம்பெனிக்காரர் இலவசமாகக் கொடுத்த துணிப்பையோடு.

இந்த நிலையில்தான் அவள் நெடுநாளாகத் தேடிய வெளிர் ஊதாப் பை ஒன்று விற்பனைக்கு வந்தது. விற்பவர், விமானத்தில் பணிப்பெண்ணாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. போனிலேயே கண்டிஷன் போட்டார்.

"அலமாரில பூட்டி வைக்கிறவங்களுக்குக் குடுக்க மாட்டேன். என்னோடது ஊர் சுத்தின பை. நீங்க பைய வெளிய எடுத்துட்டுப் போறவங்களா?"

"ஐயோ, தினமும்!" என்றாள் என் மனைவி, கொஞ்சமும் கூசாமல். பக்கத்தில் இருந்த எனக்குத்தான் இருமல் வந்தது.

ஆகவே, சொன்னதை நிரூபிக்கக் கத்தரிக்காய்ப் பை புறப்பட்டது. காரில் முன் சீட்டு அதற்கு. பெல்ட்டும் அதற்கே. மனைவி பின்னால் உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா, பள்ளம்" என்று பையின் சார்பில் பேசிக்கொண்டு வந்தாள்.

அந்த அம்மாவின் வீட்டு மேசைமேல் வெளிர் ஊதாப் பை இருந்தது. மூலைகள் தேய்ந்து, கைப்பிடி கறுத்திருந்தது. என் மனைவி அதைப் பார்த்தாள். கல்யாணத்தன்று என்னைப் பார்த்த பார்வையில் அந்த ஆசையில் பாதிதான் இருந்தது.

"உங்க பையும் அழகா இருக்கே. உள்பக்கம் பாக்கலாமா?" என்று அந்த அம்மா கை நீட்டினார்.

கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. சும்மா வைத்தால் பை தொய்ந்துவிடும் என்று உள்ளே தாள் திணித்து வைப்போம். திணிப்பது என் பொறுப்பு. தாள் தீர்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் என் மூளையைப் பயன்படுத்தியிருந்தேன். கிளம்பும்போது பையை வெளியே துடைதுடையென்று துடைத்தோமே தவிர, அதற்கு உள்ளே என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு ஞாபகமில்லை.

அந்த அம்மா என் பனியனை வெளியே எடுத்தார். பிறகு இன்னொன்றை. அதில் ஓட்டை வேறு.

"தினமும் எடுத்துட்டுப் போறது இதையா?"

"எனக்கு ரொம்ப வேர்க்குங்க. மாத்துத் துணி" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மனைவி. அவள் முகமும் அலமாரியில் சேர்த்துக்கொள்ளக்கூடிய நிறத்துக்கு வந்திருந்தது. "பொய்தாங்க சொன்னேன். ஒண்ணக்கூட வெளிய எடுத்ததில்ல. ரத்தம், சீழ், எல்லாத்தையும் தொடுற கை இது. எவ்வளவு கழுவினாலும் மருந்து வாசன போகாது. இந்தக் கைக்கு இவ்வளவு அழகு எதுக்குன்னு தோணிடும். வாங்கறப்ப தோணாது, தூக்கறப்ப தோணும்."

எனக்கு இது தெரியாது. கீறல் விழுமே என்ற கஞ்சத்தனம் என்று நினைத்து இத்தனை காலம் கிண்டல் செய்துகொண்டிருந்திருக்கிறேன். நாக்கு நுனியில் தயாராக இருந்த அடுத்த கிண்டலை விழுங்கினேன்.

அந்த அம்மா தன் பையைத் திறந்து காட்டினார். உள்துணியில் ஒரு பெரிய கறை.

"ஒரு கொழந்த வாந்தி எடுத்துச்சு. கவர் தேட நேரமில்ல, இதத்தான் நீட்டினேன். இதவிடவா உங்க கை மோசம்?"

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

"அப்போ குடுக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு இல்ல. உங்க பைல ஒரு கீறலாவது விழட்டும், வாங்க. அதுவரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

லிஃப்டில் நான் கார் சாவியைக் கையில் எடுத்தேன். "வேணும்னா இப்பவே நான்..."

"தொட்டுப் பாருங்க. உங்களுக்கே ஒரு செட்டு பண்ண வேண்டியிருக்கும்."

மறுநாள் காலை, துணிப்பையில் இருந்த சாவிக்கொத்து, சீப்பு, பாதி அட்டை மாத்திரை எல்லாவற்றையும் கத்தரிக்காய்க்கு மாற்றினாள். மூடி தொலைந்த பேனாவைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அதையும் போட்டாள்.

பால்கனியிலிருந்து எதிரே பஸ் ஸ்டாப்பைப் பார்த்தேன். வழக்கமாக முழங்கையால் வழி உண்டாக்கி ஏறுகிறவள், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். ஒரு பஸ் போனது. இன்னொன்றும் போனது. அவ்வளவுதான், திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். அடுத்த பஸ்ஸுக்குப் பழைய முழங்கை வெளியே வந்தது. கதவு மூடியபோது ஊதா வார் ஒரு சாண் வெளியே மாட்டிக்கொண்டு தொங்கியது.

உடனே போன்.

"என்னங்க, கதவுல மாட்டிக்கிச்சு!"

"பைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆயிடுச்சுங்க! கீறல், நல்லா நீளமா!" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பின்னால் யாரோ, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றார்கள். "எங்க தள்றது, எடமே இல்ல" என்று அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள். "மொதல்ல அந்தம்மாவுக்குப் போன் போடுங்க."