காது மடக்கின கார்டு

ரெண்டு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்க குலசேகரத்துக்கு வந்து டெமோ காட்டி முடிச்சப்போ, டாக்டர் குமாரதாஸ் எனக்க முகத்தத்தான் பாத்தாரு. "செல்வி, நீதானே நாள் முழுக்க இதுகூடக் கிடந்து மாரடிக்கணும். நீயே சொல்லு"ன்னாரு. பதினெட்டு வருஷமா அவருக்க ஆஸ்பத்திரியில சீட்டு எழுதுறவ நான். அந்த ஒரு பேச்சுல குளுந்து போனேன், சவம்.

மொத கம்பெனியோடது சாதாரணம். பேரு, சீக்கு, மருந்து, அவ்வளவுதான். ரெண்டாவது, ஜெபிஷ்னு ஒருத்தன் டை கட்டிட்டு வந்து காட்டினது. முறைக்கு முந்தின நாளே நோயாளிக்க போனுக்கு அதுவே மெசேஜ் அனுப்பும். வந்தவங்க பேர நான் தட்டிவிட்டாப் போதும், முறை வரும்போது சுவத்துல இருக்க டிவி பேரச் சொல்லிக் கூப்பிடும். தினம் எம்பது பேரக் கூவி, முப்பது பேருக்குப் போன் போட்டு எனக்க தொண்டை நாசமாப் போச்சு. "இதையே வாங்குங்க டாக்டர்"னு சொன்னேன்.

ஞாயித்துக்கிழமை ஜெபிஷுக்க ஆளுங்க வந்து பழைய கார்டு அத்தனையும் கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க. திங்கக்கிழமை பாத்தா, கட்டுக்கட்டா, ஒரு மூலை மடங்காம நிமுத்தி வச்சிருந்தாங்க. "நல்ல வேல மக்கா"ன்னு வேற சொன்னேன். எனக்க வாயில கொள்ளிய வைக்க!

சில கார்டுக்க மேல் மூலைய, அதுக்க காத, நான்தான் மடக்கி வைப்பேன். மடக்கியிருந்தா அந்த நம்பருக்குப் போன் போடக் கூடாது. எங்கயும் எழுதி வைக்கல்ல. எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். அப்பிடி ஏழெட்டுக் கார்டு.

அதுல ஒண்ணு ரெஜிஷாவுக்கது. கல்யாணமான புதுசுல போட்ட கார்டு, நம்பர் அவளுக்க மாப்பிள டைட்டஸுக்கது. போன மாசம் அவன் இவளுக்க கைய முறிச்சான். தேங்காய்ப்பட்டணத்துலேருந்து கட்டின சேலையோட பஸ் ஏறி வந்தவ, இங்க ஒரு டீச்சர் வீட்டுல ஒளிஞ்சிருக்கா. திருப்பூருக்குப் போயிட்டான்னு நெனச்சு அவன் அங்க தேடிட்டு அலையுதான்னு கேள்வி.

புதன்கிழமை மாவுக்கட்டு பிரிக்க வந்தா. பதினோரு மணிக்கு முறை. பத்து நிமிஷம் முன்னாலயே வந்து முக்காடு போட்டுட்டு ஓரமா இருந்தா. வந்தாச்சுன்னு பேரத் தட்டிவிட்டேன். பெருமையா வேற கேட்டேன், "நேத்து மெசேஜ் வந்துதா பிள்ளே?"

"எனக்கு ஒண்ணும் வரல்லியே அக்கா."

உடனே கம்ப்யூட்டர்ல அவளுக்க பேரத் திறந்து பாத்தேன். நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு டைட்டஸுக்க நம்பருக்குப் போயிருக்கு. அவ பேரு, டாக்டர் பேரு, குலசேகரம், புதன், பதினொண்ணு. வருவதாக இருந்தால் ஒன்றை அழுத்தவும்னு கீழ போட்டிருந்துது. அழுத்தியிருக்கான்.

எனக்க மாதாவே! "ஏட்டி, எந்திரி"ன்னு அவள இழுத்துட்டுப் போய் டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ள விட்டேன். அந்த ரூமுக்கு வேற வாசல் இல்ல. "வாறாரா அக்கா?"ன்னு கேட்டா. அவளுக்க நல்ல கை எனக்க சேலைய விடமாட்டேங்குது. விரல் விரலாப் பிரிச்சு, உள்ள கொண்டி போடுன்னு சொல்லிட்டு, டாக்டர் ரூமுக்கு ஓடத் திரும்பினேன். கவுண்டர்ல அவன் நிக்கான்.

எண்ணெ தேச்சு வாரின தல, இஸ்திரி போட்ட வெள்ளச் சட்ட. ஒரு கவருல ஆப்பிள் வச்சிருந்தான். "ரெஜிஷாவுக்குப் பதினோரு மணிக்கு முறை. நான் அவளுக்க வீட்டுக்காரன்"ன்னான், தணிஞ்ச குரல்ல.

"அப்பிடி யாரும் வரல்லியே." குரல் நடுங்காமத்தான் சொன்னேன், சத்தியமா.

"வரல்லியா? சரி, பரவால்ல அக்கா."

நம்பிட்டான். வாசலுக்குப் போயி, வெளிய கழத்திப் போட்டிருந்த செருப்பத் தேடி மாட்டினான். எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துது.

பதினொண்ணு ஆச்சு. சுவத்து டிவியிலேருந்து அந்தப் பொம்பளக் குரல், தொண்டையே கட்டாத குரல், நல்ல தெளிவாச் சொல்லிச்சு: "டோக்கன் பதினாலு. ரெஜிஷா. டிரெஸ்ஸிங் ரூம்."

டைட்டஸ் போட்ட செருப்பக் கழத்தி ஓரமா வச்சான்.