மார்ச்சில் விற்ற பால்

ரப்பர்பால் கம்பெனியின் கிட்டங்கியில் நூற்றிருபது டிரம் நின்றது. மார்ச் முப்பத்தொன்றில் கொச்சிக்காரனுக்கு விற்றாச்சு என்று கணக்கில் இருக்கும் அதே டிரம்கள். ரசலையனுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரப்பர் வெட்டுக்காரர் சங்கத்திலிருந்து அனுப்பும்போது பச்சைப் பெயின்ட்டில் எண் போட்டதே அவர் கைதான். ஏப்ரலில் பால் திரும்பி வந்துவிட்டது. லாபம் மட்டும் மார்ச் கணக்கிலேயே உட்கார்ந்திருந்தது.

முப்பது வருஷம் ரப்பர் வெட்டிய மனுஷன். கம்பெனி பங்குச்சந்தைக்குப் போனபோது போர்டில் வெளியாள் ஒருவர் வேண்டும் என்று சட்டம் கேட்டது. கேள்வி கேட்கமாட்டார் என்று இவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள். இவர் இருக்கிறாரே என்று சங்கத்துப் பூங்கனி, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த இரண்டு லட்சத்தையும் பங்கில் போட்டிருந்தாள்.

மார்ச் கணக்கை ஒப்புக்கொள்ளக் கூடிய போர்டு கூட்டத்தில் ரசலையன் கேட்டே விட்டார். "ஆன்ஸ்லினே, வித்த டிரம்மு இங்கதானே நிக்குது?"

முதலாளி ஆன்ஸ்லின் சிரித்தான். "மாமா, இவ்வளவு லாபம்னு ஜனவரியிலயே போர்டு சொல்லியாச்சு. இப்பம் கொறஞ்சா மானம் போவும். அடுத்த மாசம் வித்திருவோம்லா."

"பிள்ள பெறக்க முந்தியே ஞானஸ்நானமா மக்கா?"

மற்ற இரண்டு இயக்குநர்களும் ஏத்தங்காய் சிப்ஸில் கண்ணாயிருந்தார்கள்.

"சரி, ஜெபிச்சு முடிப்போம்," என்றான் ஆன்ஸ்லின். சபையில் பழகிய பழக்கம், ரசலையனும் கண்ணை மூடிவிட்டார். ஆமென் சொன்னபிறகுதான் உறைத்தது. ஜெபம் முடிந்தால் அங்கே யாரும் பேச்சைத் திரும்பத் திறப்பதில்லை.

கம்பெனிச் செயலாளர் ஜிஷா, கணக்கை ஒப்புக்கொள்ளும் தீர்மானத் தாளை நீட்டினாள். 'ஒருமனதாக' என்று முன்னமே அடித்திருந்தது.

"எனக்குச் சம்மதம் இல்லன்னு எழுதலாமா மக்களே?"

"எழுதலாம் சார். எழுதினா ஆடிட்டரு ஒப்புக்கிட மாட்டாரு. நாளைக்கு சந்தைக்குத் தெரிஞ்சு பங்கு விழும்." குரலைத் தாழ்த்தினாள். "அதுக்கு முந்தி யாருட்டயும் பங்க விக்கச் சொல்லிராதிய. உள்விஷயத்த வெளிய சொன்னா கேஸாக்கும்."

எழுதினால் பூங்கனியின் பணம் நாளைக்கே போகும். எழுதாவிட்டால் பிறகு போகும், இவர் கையெழுத்தோடு. 'சம்மதம் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

பஸ் நிறுத்தத்தில் பூங்கனி நின்றாள். "அண்ணே, கூட்டம் முடிஞ்சிதா? பங்கு கூடுமா?"

"முடிஞ்சிது."

"மொகம் என்ன இப்பிடி வாடிக் கெடக்கு? அங்க ஒரு சாயாகூட தரல்லியா?"

பஸ் வந்தது. அவள் முந்தி ஏறி, பக்கத்தில் பையை வைத்து அவருக்கு இடம் பிடித்தாள். அவர் பின்வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள்.