பழைய டப்பா தீரும்வரை

மழை வாரத்தின் செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்குள் ஐந்து ஸ்கூட்டர்கள் மெக்கானிக்கின் கடை வாசலில் வந்து நின்றன. வந்து நின்றன என்பதே மரியாதைக்குச் சொல்வதுதான். ஐந்தையும் தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள். ஐந்துக்கும் ஒரே வியாதி. கிளம்பும், நாலு முறை இருமும், நின்றுவிடும்.

மெக்கானிக் முதல் வண்டியின் பெட்ரோல் குழாயைக் கழற்றி, டேங்கின் அடியில் கிடந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தான். கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தான். மேலே பெட்ரோல் நின்றது. கீழே இரண்டு விரல் உயரத்துக்கு வேறொன்று தெளிவாகப் பிரிந்து நின்றது.

"மாட்டிக்கிட்டியா?" என்று பாட்டிலைப் பார்த்துக் கேட்டான். அவனுக்கு வந்த சந்தோஷத்தில் கையைத் துடைக்கக்கூட மறந்துபோனான்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலில் எத்தனால் கலக்கலாமா கூடாதா என்று அந்த வருடம் ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. எத்தனால் வேறொன்றுமில்லை, மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்துக் காய்ச்சி எடுப்பது. சாராயத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. பயிர் செய்கிறவன் வீட்டில் விளக்கெரியும் என்றது ஆளுங்கட்சி. வண்டி வைத்திருப்பவன் தலையில் விழுந்த இடி என்றது எதிர்க்கட்சி. இரண்டு தரப்பும் டிவியில் போட்ட கூச்சலில் எத்தனாலுக்கே போதை தெளிந்திருக்கும்.

மெக்கானிக் இடி கட்சி. மெக்கானிக்குகள் சங்கத்துக்குச் செயலாளர் வேறு. அரசாங்கம் அமைத்த குழு ஒன்று வியாழக்கிழமை நகர மண்டபத்தில் எல்லோருடைய கருத்தையும் கேட்க வருகிறது. அங்கே பேசப்போவது அவன்தான். இத்தனை நாள் வாயாலேயே வாதாடிக்கொண்டிருந்தவனுக்கு இப்போது, எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு அடியில் பிரிந்து நிற்பதற்குக் கையில் சாட்சி கிடைத்துவிட்டது.

சங்கத் தலைவருக்குப் போன் போட்டான். அவர் அனுபவஸ்தர்.

"பாட்டில் மட்டும் போதாது தம்பி. குழாய்த் தண்ணிய ஊத்திட்டு வந்துட்டான்னு சொல்லிடுவாங்க. எந்த பங்க்குன்னு பேரோட சொல்லணும்."

அதற்கென்ன என்று ஐந்து வண்டிக்காரர்களையும் விசாரித்தான். ஐந்து பேரும் முந்தின நாள் சாயங்காலம் ஒரே இடத்தில்தான் போட்டிருந்தார்கள். ரவுண்டானாவுக்குப் பக்கத்து பெட்ரோல் பங்க்.

அந்த பங்க்குக்கு மேனேஜர் அவனுடைய அக்கா. சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

அவனுக்கு ஒன்பது வயதாகும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். அக்காவுக்குப் பத்தொன்பது. படிப்பை நிறுத்திவிட்டு அதே பங்க்கில் பெட்ரோல் போடுகிற வேலைக்குச் சேர்ந்தவள், தம்பியை ஆளாக்கிவிட்டுத்தான் தன் கல்யாணத்தைப் பற்றியே நினைத்தாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழசு தீராமல் புதுசைத் தொடமாட்டாள். பற்பசை டியூபைக் கத்தரித்து உள்ளே வழித்தெடுப்பாள். சோப்பு இலை மாதிரி மெலிந்து கையில் கரைந்துபோகும் வரை அடுத்த சோப்பு பிரிக்கப்படாது. "புதுசு எங்க ஓடிப்போகுது? பழசு தீரட்டும்" என்பாள். ஒருமுறை அவனுக்குப் புதுச் சட்டை வாங்கினாள். பழைய சட்டை கிழியட்டும் என்று கவரோடு எடுத்து வைத்தாள். பழைய சட்டையும் கிழிந்தது. புதுசை எடுத்துப் போட்டுப் பார்த்தால் பையன் அதற்குள் வளர்ந்துவிட்டான், கையே நுழையவில்லை. அன்றைக்கு அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்து அழுததை அவன் பார்த்திருக்கிறான்.

முதல் சம்பளத்தில் அவன் அக்காவுக்கு ஒரு கறுப்புக் கைப்பை வாங்கிக் கொடுத்தான். "நல்லா இருக்குடா" என்று மோந்து பார்த்துவிட்டு அலமாரிக்குள் வைத்தாள். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் ஜிப் போன பழைய பையில் ஊக்கு குத்திக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவனே முடிவுகட்டி, அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டான். மனத்தில் ஒரு சின்ன வருத்தம் மட்டும் போகாமல் இருந்தது.

போதாக்குறைக்கு அக்காவின் புருஷன் வேலை பார்ப்பது எத்தனால் ஆலையில். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் மச்சினனும் மாமாவும் மோதிக்கொள்வது வழக்கம்.

"ரப்பர் டியூபெல்லாம் ஊறி உப்பிப்போகுது மாமா."

"குடிச்சா யாருக்கும் முகம் உப்பத்தான் செய்யும் மாப்பிள்ள. பழகிட்டா சரியாப்போகும்."

"நாளைக்கு திங்க சோளம் இருக்காது, பாத்துக்கங்க."

"விலையில்லாம ரோட்டுல கொட்டினாங்களே, அப்ப யாரு வந்து தின்னது?"

"சாப்பிடுற இடத்துல சோளத்த இழுத்தா ரெண்டு பேருக்கும் குழம்பு கிடையாது" என்று அக்கா கரண்டியைத் தூக்கினால் இருவரும் அடங்கிவிடுவார்கள்.

இப்போது அந்த அக்காவின் பெயரைத்தான் மண்டபத்தில் சொல்ல வேண்டும். மெக்கானிக் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு பங்க்குக்குப் போனான்.

அக்கா பாட்டிலைப் பார்த்ததும் பம்புகளை நிறுத்தச் சொன்னாள். 'ஸ்டாக் இல்லை' பலகையை வெளியே வைக்கச் சொன்னாள். வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. பிறகு தம்பியைக் கூட்டிக்கொண்டு, தரைக்கடியில் இருந்த பங்க் டேங்கின் மூடியிடம் போனாள். மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் ஒரு பக்கம் வெடித்திருந்தது. மழைத்தண்ணீர் வந்த வழி தெரிந்துவிட்டது.

"ஆனா காலையில டிப் பாத்தேனேடா. தினமும் நான்தானே பாக்குறேன். தண்ணி காட்டலையே."

எப்படிப் பார்ப்பது என்று அவன் கண்ணெதிரே செய்து காட்டினாள். நீளமான அளவுக் கம்பியின் நுனியில் பேஸ்ட்டைத் தடவி டேங்குக்குள் இறக்கினாள். அடியில் தண்ணீர் இருந்தால் அந்தப் பேஸ்ட் நிறம் மாற வேண்டும். கம்பி மேலே வந்தது. பேஸ்ட் நிறம் மாறவில்லை.

மெக்கானிக் பாட்டிலைச் சாய்த்து, அடியில் பிரிந்து நின்றதிலேயே பேஸ்ட்டை நேராகத் தோய்த்துப் பார்த்தான். அப்போதும் மாறவில்லை. டப்பாவை வாங்கித் திருப்பினான். ஓரமெல்லாம் துருவேறிய பழைய டப்பா. எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இது உதவாது என்று போட்டிருந்தது.

"வேற டப்பா இல்லையாக்கா?"

அக்கா ஆபீஸ் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். எத்தனால் பெட்ரோலுக்கென்றே கம்பெனி அனுப்பிய ஆறு புது டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"லெட்டரும் போட்டிருந்தாங்க. படிச்சேன்" என்றாள். "இந்த ஒரு டப்பா பாதிக்கு மேல இருந்துச்சு. வீணாப் போகுதேன்னு..."

புதுப் பேஸ்ட்டைத் தடவிக் கம்பியை இறக்கினார்கள். இரண்டு விரல் உயரத்துக்குச் சிவந்துகொண்டு வந்தது. அக்கா அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்துமூன்று வருடத்தில் ஒருவர் ஒரு குறை சொன்னதில்லை அவளை. தம்பிக்கு அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மத்தியானம் பங்க் முதலாளி வந்தார். வெடித்த வளையத்தைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார், பிறகு தெளிந்தார். நெளிவுசுளிவு தெரிந்த மனிதர்.

"எதுக்கு இவ்வளவு யோசிக்கிறீங்க? மழை பெஞ்சுது, எத்தனால் தண்ணிய இழுத்துக்கிச்சு, எந்த டெஸ்ட்லயும் தெரியல. முடிஞ்சுது. பழியெல்லாம் எத்தனால் மேல போட்டுட்டா உங்களுக்கும் வேலை நிக்கும், எனக்கும் பேரு நிக்கும், உங்க தம்பியும் ஜெயிச்சிடுவாரு. டப்பா சமாச்சாரம் வெளிய வந்துச்சு, அப்புறம் நான் உங்கள வெச்சுக்க முடியாது."

யோசித்துப் பார்த்தால் பொய்கூட இல்லை, முக்கால்வாசி உண்மை. மெக்கானிக் அந்த முக்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"நீ வியாழக்கிழமை மண்டபத்துக்கு வராத. நான் பாத்துக்கிறேன்" என்றான்.

அக்கா துரு டப்பாவின் மூடியை இறுக்கி மூடினாள்.

வியாழக்கிழமை நகர மண்டபத்தில் உட்கார இடமில்லை. வலது பக்கம் சோளம் போடுகிறவர்களும் ஆலைக்காரர்களும்; அந்தக் கூட்டத்தில் மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். எத்தனால் நின்றால் ஆலை நிற்கும், ஆலை நின்றால் அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும். இடது பக்கம் மெக்கானிக்குகளும் டாக்ஸிக்காரர்களும். மேடையில் குழுத் தலைவராக இருந்த வெள்ளைத் தலை அம்மா, யார் கத்தினாலும் பேனா முனையால் மேசையைத் தட்டி உட்காரவைத்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்கின் முறை வந்தது. பாட்டிலை மேசைமேல் வைத்தான். இடது பக்கம் கைதட்டியது. ரப்பர் உப்புவதைச் சொன்னான், பழைய வண்டிக்காரர்களின் பாட்டைச் சொன்னான், பங்க்கின் பெயரையும் சொன்னான். குழுத் தலைவர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பங்க்ல தினமும் டெஸ்ட் பாப்பாங்கதானே? அதுல இது தெரிஞ்சிருக்காதா?"

அவன் தண்ணீர் டம்ளரைப் பார்த்தான். மைக்கைப் பார்த்தான்.

"தெரியாதுங்க. எந்த டெஸ்ட்லயும் தெரியாது. இந்த எத்தனால் அப்படிப்பட்டது."

"தெரியும்ங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அவனுக்குத் திரும்பிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. ஒன்பது வயதிலிருந்து அவனை எழுப்பிவிட்ட குரல். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைப் பக்கம் வந்தாள். தோளில் அந்தக் கறுப்புக் கைப்பை, மடித்து வைத்த கோடுகள்கூட மறையாமல். அதைத் திறந்து ஒரு துரு டப்பாவையும் ஒரு புது டப்பாவையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நான்தான் அந்த பங்க் மேனேஜர். இவன் என் தம்பி. எனக்காகப் பொய் சொல்றான்மா, கோச்சுக்காதீங்க. புதுப் பேஸ்ட்ல தெரிஞ்சிருக்கும். கம்பெனியில அனுப்பியிருந்தாங்க. பழசு தீரட்டும்னு நான்தான் அலமாரியில வெச்சுட்டேன்."

மண்டபத்தில் முதலில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. வலது பக்கம் கைதட்டப் பார்த்தார்கள். மாமா திரும்பி முறைத்த முறைப்பில் தட்ட எடுத்த கைகள் மடியில் விழுந்தன.

"அப்போ எத்தனால் மேல தப்பே இல்லைன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார் தலைவர்.

"அது எனக்குத் தெரியாதும்மா. அதப் பாக்கத்தானே நீங்க வந்திருக்கீங்க. தம்பி டியூப் உப்புதுன்னு சொல்றான்ல, அது நெசம், நானும் பாத்திருக்கேன். என் வீட்டுக்காரருக்கு அதுதான் சோறு போடுது, அதுவும் நெசம். ஆனா அந்த அஞ்சு வண்டி நின்னது என்னால. என் தப்ப எடுத்து எது மேலயும் போட வேணாம்."

தலைவர் இரண்டு டப்பாக்களையும் கையில் எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தப் பொடி எழுத்தைப் படிக்க முயன்றார். பிறகு நிமிர்ந்து, "உட்காருங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

மெக்கானிக் மைக்கின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தான். கண் நிறைந்துவிட்டது. சங்கத் தலைவர் தன்னைக் கண்ணாலேயே வறுத்துக்கொண்டிருப்பது தெரிந்தும் அவனுக்கு அது உறைக்கவில்லை.

வெளியே வரும்போது முதலாளி வராந்தாவில் நின்றிருந்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் சொன்ன சொல் மாறாதவர். "நாளைக்கு சாவியக் குடுத்துடுங்கம்மா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தார். அக்கா தலையாட்டினாள்.

மாமா சைக்கிளை எடுக்கப் போக, அக்காவும் தம்பியும் தூறலில் நடந்தார்கள்.

"உன்ன யாரு வரச் சொன்னது?" என்றான். கோபமாகத்தான் கேட்க நினைத்தான்.

"நீ எனக்காகப் பொய் சொல்லுவேன்னு தெரியும்டா. சின்ன வயசுல ஒரு பொய் சொன்னாக்கூட ரெண்டு நாளு சாப்பிட மாட்ட. இப்ப இதச் சொல்லிட்டு எத்தன நாளு பட்டினி கிடப்ப?"

அவன் பேச்சை மாற்றப் பார்த்தான். "இந்தப் பை..."

"நல்லா இருக்குல்ல?"

"உனக்குப் பிடிக்கலைன்னு நெனச்சேன்கா. இத்தன வருஷமா."

அக்கா நின்றுவிட்டாள். "அட மக்கு! பிடிக்காததையா எவளாவது பன்னெண்டு வருஷம் பூட்டி வெப்பா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எடுத்துத் தொடச்சு வெப்பேன். அந்த அலமாரியில ஆறு டப்பாவப் பாத்த அன்னைக்கு வீட்டுக்குப் போய் முதல் வேலையா இத வெளிய எடுத்தேன். எடுக்கவே பயமா இருந்துச்சுடா. உன் சட்டை மாதிரி ஆயிடுச்சோன்னு."

மெக்கானிக் தலையைத் திருப்பிக்கொண்டான். மழை பெய்துகொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

நாலு எட்டு வைத்திருப்பார்கள், தோள்வார் பட்டென்று அறுந்தது. அலமாரியிலேயே கிடந்து இற்றுப்போயிருந்தது. கறுப்புத் தோல் செதில் செதிலாக உரிந்து அக்காவின் கையில் ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வேலை போனபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அவன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டு கம்பி இருக்கும். நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து, வாரை இழுத்துக் கம்பியைச் சுற்றி முறுக்கி, முனை குத்தாதபடி மடக்கி, அக்காவின் தோளில் மாட்டிவிட்டான்.

"நாளைக்கு வேற ஒண்ணு வாங்கித் தரேன்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வழக்கமான அந்தப் பதில் உதடுவரைக்கும் வந்ததை அவன் பார்த்தான். அவள் அதை விழுங்கிவிட்டாள்.

"வாங்கிக் குடு" என்றாள். "கடையிலயே தோள்ல மாட்டிக்கிறேன்."