எங்கள் அணியில் இருக்கிறார்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கண்ணாடிக் கடையில். லென்ஸ் மாற்றக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த மூன்று பேரும் எனக்கு மூன்று கலங்கல் உருவங்கள். கண் தெரியாததால் காது கூர்மையானது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் போட்ட சத்தம் தெருமுனையில் நின்றவனுக்கும் கேட்டிருக்கும்.

கால்பந்துச் சண்டை. அவர்களுடைய கிளப்பில் இடது விங்கில், அதாவது மைதானத்தின் இடது ஓரத்தில், ஆடுகிறவனை ரசிகர்கள் 'இடதுகால்' என்றே கூப்பிடுகிறார்கள். அவன் வேறு கிளப்புக்குப் போகப்போகிறான் என்று கொஞ்ச நாளாகப் பேச்சு. அன்று காலை கிளப் ஓர் அறிக்கை விட்டிருந்தது. இரண்டே வாக்கியம்: 'அவர் எங்கள் அணியில் இருக்கிறார். வதந்திகள் குறித்து நாங்கள் கருத்துச் சொல்வதில்லை.'

வீட்டுப் பத்திரத்தைக்கூட யாரும் இவ்வளவு ஊன்றிப் படித்து நான் பார்த்ததில்லை.

"இருக்கிறார்னு போட்டிருக்கான். இருப்பார்னு போடலையே, கவனிச்சீங்களா?" என்றது ஓர் உருவம்.

"அது கிடக்கட்டும். முதல் வரியில கருத்தைச் சொல்லிட்டு, அடுத்த வரியில கருத்துச் சொல்றதில்லைன்னா என்னய்யா அர்த்தம்?" இது கடைக்காரர்.

மூன்றாவது குரல் நிதானமாக வந்தது. "என் பொண்ணு எழுதினது அது. அவ பொய் எழுத மாட்டா."

சத்தம் சட்டென்று அடங்கிவிட்டது. கடைக்காரர் என் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் மாட்டிக்கொண்டு நிமிர்வதற்குள் அந்த மனிதர் எழுந்து வெளியே போயிருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. தேய்ந்த, அகலமான, நிமிர்ந்த முதுகு.

நான் கேட்டது இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டியது. [கால்பந்து தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். இந்தக் கதையில் யாரும் பந்தை உதைக்கப் போவதில்லை.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அவர், ஊரையே போகவேண்டிய இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டவர், தன் வாழ்க்கையை மட்டும்—'

அடித்துவிட்டேன். ஓட்டுநர் என்று எழுதிய உடனே கை தானாக வாழ்க்கைப் பயணத்துக்குத் தாவுகிறது. அவருக்கு அது வேண்டியதில்லை. அவர் பேருந்து ஓட்டினார், அவ்வளவுதான்.

அடுத்தது: 'மகள் பொய் எழுதினாள்.' வாசகரைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுக்கும் வரி. கெட்ட நேரம், அவள் பொய் எழுதவில்லை. இந்தக் கதைக்கே அதுதான் சிக்கல்.

ஆகவே அவளுடைய அறையிலிருந்து தொடங்குகிறேன். கிளப் அலுவலகத்தில் 'ஊடகப் பிரிவு' என்று பலகை மாட்டிய அறை, சலவை அறையை ஒட்டி இருக்கிறது. பயிற்சி முடிந்த பனியன்களும் காலுறைகளும் சுவருக்கு அந்தப் பக்கம் சுழலும்போது இந்தப் பக்கம் அவள் மேசையில் டீ நடுங்கும். பிரிவு என்று பெயர்தானே தவிர, அவள் ஒருத்திதான். போட்டி முடிந்தால் செய்தி எழுதுவது, வீரர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதுவது, பயிற்சியாளர் கோபத்தில் திட்டியதை 'அதிருப்தி தெரிவித்தார்' என்று மாற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு.

அவளைச் சின்னதில் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனவர் அப்பா. அவள் வேலையில் சேர்ந்த அன்றைக்கு அவரே ஒரு சட்டம் போட்டார். "இனிமே வீட்டுல கிளப் பேச்சு கிடையாது. நான் கேக்க மாட்டேன், நீ சொல்ல வேணாம். அப்பதான் நீ நிம்மதியா வேலை பார்ப்பே, நானும் நிம்மதியா சண்டை போடுவேன்."

"இந்த மனுஷன் வாயைக் கட்டுறதாவது!" என்று அம்மா சிரித்தாள். ஆனால் அவர் கட்டினார். யார் காயம், யார் உள்ளே, யார் வெளியே என்று எதையும் அவர் மகளிடம் கேட்டதில்லை. ஊர் ரசிகர்களுக்குத் தெரியும்போதுதான் அவருக்கும் தெரியும்.

3

அறிக்கைக்கு முந்தின நாள். கிளப் மேலாளர் அவள் அறைக்கு வந்தார்.

(இவரை வில்லனாக்கத்தான் முதலில் பார்த்தேன். குளிர்ந்த அறை, குளிர்ந்த சிரிப்பு, விரலில் பெரிய மோதிரம் என்றெல்லாம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. மோதிரத்தைக் கழற்றிவிட்டு, சாப்பிட நேரமில்லாத ஒரு மனிதராக அவரை மறுபடி எழுதினேன்.)

"எதையாவது எழுதும்மா. பொய்யா இருக்கக் கூடாது. உண்மையும் தெரியக் கூடாது," என்றார். அவர் போன பிறகு இடதுகால் தானே வந்து கதவோரம் நின்றான். மைதானத்தில் மூன்று பேரை ஏமாற்றிக்கொண்டு ஓடுகிறவன், அங்கே ஒரு நாற்காலியைத் தாண்டி உள்ளே வரத் தயங்கினான்.

"அக்கா, அந்தக் கிளப்போட பேச்சு முடிஞ்சிடுச்சு. ஆனா முட்டிக்கு டெஸ்ட் பாக்கி இருக்கு. இந்த முட்டியைப் பத்தி உங்களுக்குத் தெரியும்ல. அதுல அவங்க வேணாம்னு சொல்லிட்டா நான் திரும்பி இங்கதான் வரணும். போறேன்னு தெரிஞ்சப்புறம் திரும்பி வந்தா, ஜனங்க என்னை எப்படிப் பார்ப்பாங்க?"

அவளுக்குப் பதில் தெரியும். ஜனங்களுக்கு நடுவே அப்பாவின் தோளில் உட்கார்ந்து வளர்ந்தவள் அவள். விட்டுப்போக நினைத்து முடியாமல் திரும்பியவனை முதல் தவறிலேயே கூவி விரட்டுவார்கள். அதில் அப்பாவின் குரலும் இருக்கும்.

'அவர் எங்கும் செல்லவில்லை' என்று எழுதிப் பார்த்தாள். பொய். 'பேச்சுவார்த்தை முடிந்தது, மருத்துவப் பரிசோதனை மீதமுள்ளது' என்று எழுதிப் பார்த்தாள். உண்மைதான், ஆனால் அவனை நடுத்தெருவில் நிறுத்தும் உண்மை. பிறகு, 'அவர் எங்கள் அணியில் இருக்கிறார்.' எந்த ஓரத்திலும் பிசிறில்லாத வரி. இன்றைக்கு முழு உண்மை. நாளையைப் பற்றி ஒரு சொல் இல்லை. தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமைதான் பின்னால் அவளை அதிகம் உறுத்தியது என்று நினைக்கிறேன்.

4

கண்ணாடிக் கடைக்குத் திரும்புவோம். 'இருப்பார்' என்று போடவில்லையே என்று கேட்ட மனிதருக்கு அங்கே பட்டப்பெயர் 'வட்டாரம்'. வாயைத் திறந்தாலே 'நம்பத்தகுந்த வட்டாரத்துல சொல்றாங்க' என்றுதான் ஆரம்பிப்பார். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றும் வண்டி வைத்திருக்கிறார். இடதுகால் வீட்டிலிருந்து ஆள் வந்து, சோபா வண்டிக்குள் நுழையுமா என்று விசாரித்துப் போனதைப் பார்த்தவர். இதைப் பத்து முறை சொல்லியும் யாரும் நம்பவில்லை. (நம்பியிருக்க வேண்டும். இந்தக் கதையில் ஆரம்பத்திலேயே சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். வதந்தி என்றால் பொய் என்று எந்த அகராதியில் இருக்கிறது?)

'அவ பொய் எழுத மாட்டா' என்று ஓட்டுநர் சொன்ன ஒரு வாக்கியம் வட்டாரத்தைப் புரட்டிப்போட்டது. அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. நண்பரின் மகள் சொல்லை மதித்தார். ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் உடனே போட்டார்: 'சோபா விஷயம் என் தவறு. கிளப்புக்கு உள்ளே இருப்பவர்களின் குடும்பத்திலிருந்தே தகவல்.'

அடுத்த குழுவில் அது 'குடும்பத்தினர் உறுதி' ஆனது. அதற்கடுத்த குழுவில் 'இடதுகால் எங்கும் போகவில்லை, கிளப் அதிகாரியின் தந்தை பேட்டி' ஆனது. மதியத்துக்குள் அலுவலக வாசலில் சிலர் வெடி வெடிக்காத குறையாகக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆளுக்கு ஒரு சொல் மாற்றினார்கள், அவ்வளவுதான்.

மேலாளர் இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்தக் கிளப்காரங்க போன் மேல போன் போடறாங்க. நாம பேச்சு மாறிட்டோமான்னு கேக்கறாங்க. டெஸ்டையே நிறுத்திவைக்கலாமான்னு யோசிக்கறாங்களாம். அது உங்க அப்பாவாம்மா?"

"ஆமா சார்."

"மறுப்பு விட்டா, போறான்னு ஆயிடும். விடலைன்னா இருக்கான்னு ஆயிடும். நான் என்னதான் பண்றது?"

அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

5

சாப்பாட்டு மேசைக் காட்சியை எழுதத் தெரியாமல் நான் திணறினேன். எழுதிய முதல் படியில் மகள் அழுதாள். அடுத்த படியில் அப்பா கத்தினார். இருவரும் அப்படிப்பட்டவர்கள் இல்லை. சட்டம் சட்டம்தான். அவள் எதையும் சொல்ல முடியாது, அவர் எதையும் கேட்க முடியாது. இந்த இரண்டு பூட்டுக்கும் நடுவில் ஒரு காட்சியை நகர்த்த வேண்டும்.

அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

"அப்பா, நான் எழுதினதைப் படிச்சீங்களா?"

"பலதடவை."

"இன்னொரு தடவை படிங்க."

அவர் இடது கையால் போனை எடுத்தார். தூரத்தில் பிடித்துப் படித்தார். பிறகு கிட்டத்தில் பிடித்துப் படித்தார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் அவள் பார்க்கவில்லை. அவள் பார்க்காததை நான் எப்படி எழுதுவது?

"குழம்பு ஊத்தட்டுமா?" என்று கேட்டார் அவர்.

"போதும்பா."

அம்மா திரும்பி வந்தபோது, என்ன இப்படி அமைதியாக இருக்கிறீர்கள் என்று கேட்டாள். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றார்கள் இருவரும்.

6

மறுநாள் ஓட்டுநர் கடைக்குப் போனார். அவர் முன்னால் இருந்த வழிகளை நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 'அவன் போகிறான்' என்றால் இடதுகாலின் பிழைப்பு போகும், மகளின் வேலையும் போகும். 'இருக்கிறான்' என்று சாதித்தால், தெரிந்தே பொய். வீட்டிலேயே கிடந்தால், அவர் வராததே ஒரு செய்தி ஆகிவிடும்.

கடைக்காரர் ஒரு கண்ணாடிச் சட்டத்தின் காலை நிமிர்த்திக்கொண்டிருந்தார். வட்டாரம், டீ சொல்லட்டுமா என்றார்.

"ஒரு விஷயம்," என்றார் ஓட்டுநர். "நேத்து நான் சும்மா பீத்திக்கிட்டேன்."

"எதை?"

"பொண்ணு எழுதினான்னு சொன்னேனே. அவ என்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல. அங்க அவளுக்கு என்ன வேலைன்னுகூட எனக்குச் சரியாத் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு பேசறப்போ நானும் ஏதாவது சொல்லணும்னு இருந்துச்சு. சொல்லிட்டேன்."

வட்டாரத்துக்கு முகம் செத்துவிட்டது. "யோவ், உன்னை நம்பி நான் ஊருக்கெல்லாம் போட்டிருக்கேன்யா! சோபாவுக்கு ஆள் வந்ததைக் கண்ணால பார்த்துட்டு, உன் வாயை நம்பி மாத்திப் பேசினேனே!"

"தப்புதான். என் பேரைப் போட்டே எழுதிடு. சும்மா சொன்னான்னு எழுதிடு."

எழுதினார். ஊர் வழித்துக்கொண்டு சிரித்தது. அன்றிலிருந்து கடையில் அவருக்குப் பட்டப்பெயர் 'பீலா'. பல வருடம் ஊர்க்காரர்கள் உயிரை நம்பி ஒப்படைத்த மனிதர். 'இன்னிக்கு மழை வரும்' என்று அவர் சொன்னால்கூட, 'பொண்ணு சொன்னாளா?' என்று கேட்டார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும்.

கொண்டாட்டம் கலைந்தது. அடுத்த கிளப்பும் அமைதியானது. எப்படி அடங்கியது என்று மேலாளருக்குப் புரியவில்லை, கேட்கவும் நேரமில்லை. மகளுக்குக் கொஞ்சம் ஆச்சரியம். வீட்டில் அப்பா வழக்கம்போலத்தான் இருந்தார்.

7

டெஸ்டில் முட்டி தேறியது. இடதுகால் போனான். மகள் எழுதிய பிரிவுச் செய்தியைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது எல்லாப் பிரிவுச் செய்திகளையும் போலத்தான் இருந்தது. அன்று மாலை ரசிகர்கள் கொதித்தார்கள். கிளப் நம்மை முட்டாளாக்கிவிட்டது, அந்த இரண்டு வரியை எழுதினவன் எவன் என்று கேட்டார்கள். போன்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய், அப்பாவோடு நடந்து வீட்டுக்குப் போகலாம் என்று அவள் கண்ணாடிக் கடைக்கு வந்தாள்.

கதவு திறந்துதான் இருந்தது. கடைக்காரரின் குரல்: "என்ன பீலா, உன் பொண்ணு இதையும் எழுதினாளா?" எல்லோரும் சிரிக்கிறார்கள். நடுவில் அப்பாவும் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியாத சிரிப்பு.

எல்லாம் ஒரே நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது.

வட்டாரம்தான் முதலில் அவளைப் பார்த்தார். சிரிப்பை விழுங்கிக்கொண்டு, மரியாதையாகவே கேட்டார். "வாம்மா. நீயே சொல்லு. அன்னிக்கு அந்த ரெண்டு வரி, அதை எழுதினது யாரு?"

முடிவு, முதல் படி: அவள் 'நான்தான்' என்கிறாள். அப்பாவின் மானம் திரும்புகிறது. அவர் அதைக் கொடுத்து எதை வாங்கினாரோ, அது போகிறது. நாளையிலிருந்து அவள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் இந்தக் கடை வந்து நிற்கும்.

முடிவு, அடுத்த படி: அவள் 'எனக்குத் தெரியாது' என்கிறாள். அவளுடைய முதல் பொய். அதைக் கேட்டு அப்பா சந்தோஷப்படுவார். அந்தச் சந்தோஷத்தை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பாள்?

இரண்டையும் எழுதினேன். இரண்டும் என் கையெழுத்தில்தான் இருந்தன. அவளுடைய குரலில் இல்லை. அப்பா அவளைப் பார்த்து மெல்லத் தலையாட்டுகிறார். வேண்டாம் என்றா, சொல் என்றா? இதையும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

நல்லவேளையாக நம் மொழியில் ஒரு வசதி இருக்கிறது. கடைசிச் சொல் வரும்வரை வாக்கியம் எந்தப் பக்கமும் திரும்பலாம். அவள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருகிறாள், அப்பாவின் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறாள், கட்டிய தொண்டையைச் செருமிக்கொள்கிறாள்.

"அண்ணே," என்கிறாள், "அதை எழுதினது