கரி படாத பனியன்

எங்கள் சந்தில் ஆத்தப்பன் நடந்து வந்தால் நாய்கூட எழுந்து வழி விடும். பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற ஆள்தான். ஆனால் அவிநாசித் தேரன்று சிலம்பப் போட்டியில் இறங்கிவிட்டால் ராசா. கம்பு நுனியைத் தண்ணீரில் குழைத்த கரியில் முக்கிக்கொண்டு ஆடுவார்கள். யார் பனியனில் கரி விழுகிறதோ அவர் தோற்றார். தொடர்ந்து ஆறு வருஷம் ஆத்தப்பனின் பனியன் போட்ட வெள்ளையிலேயே திரும்பி வந்தது. அதைப் பார்த்துத்தான் குண்டடத்து ரத்தினசாமி, தானும் கம்பு பிடித்தவர், மகள் மயிலாளைக் கட்டிக் கொடுத்தார். அந்தப் பனியனைக் கேட்டு வாங்கிப் போய்த் தன் வீட்டு ஆணியில் மாட்டி, மோர் குடிக்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

ஐம்பத்தாறில் கோயமுத்தூர் ஸ்டுடியோ ஒன்றில் சண்டைக்கு ஆள் எடுத்தார்கள். ஆத்தப்பன் லீவு சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்து, "கதாநாயகனோட நேருக்கு நேர் சண்டைங்க" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவர் ஜெயித்ததாக மீதியை மயிலாள் ஊருக்குச் சொன்னாள். அவள் விட்டதை நான் சொன்னேன்.

படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தது. மறுநாளே மாமனார் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். ஆத்தப்பனுக்கு முகம் செத்துவிட்டது.

"படப்பெட்டி இன்னும் வரலீங்க மாமா. அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க."

பக்கத்து வீட்டுக்காரி நான், அப்போது உப்புக் கேட்கப் போயிருந்தேன். வீட்டில் உப்பு இருந்தது, சும்மாதான் போனேன்.

"ஏனுங்க, நேத்தே ஓட ஆரம்பிச்சிருச்சுங்களே! வாங்க சாமி, எல்லாருமா போலாமுங்க" என்றேன்.

ஆத்தப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்தேன்.

திரையில் கதாநாயகர் கம்பை விளக்குமாறு போலப் பிடித்திருந்தார். ஆத்தப்பன் ஒரே அடியில் இரண்டு கரணம் போட்டுச் சாணிக் குழியில் விழுந்தார். "உசுரை மட்டும் உட்ருங்க சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கொட்டகையே விசிலடித்தது. தொலைந்தார் என்று பார்த்தால், இடைவேளைக்குப் பிறகு தாடி ஒட்டிக்கொண்டு வந்து மறுபடியும் அடி வாங்கினார்.

"அதோ, மறுக்காவும் நம்ம ஆத்தப்பன்!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து கத்தியது நான்தான். மயிலாள் என் தொடையைக் கிள்ளினாள். ஆண்கள் பக்கத்தில் ஆத்தப்பன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் ரத்தினசாமி கேட்டார்.

"தடுக்கத் தெரியாமயா வாங்குனீங்க, மாப்பிள்ளை?"

"தெரியுமுங்க மாமா. நான் தடுத்தா அவரு கை ஒடிஞ்சிருமுங்க. உளுந்தாத்தான் மறுக்காக் கூப்புடுவாங்க."

"கும்புட்டது?"

ஆத்தப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார். மாமனார் சாப்பிடாமலே வண்டியைப் பூட்டினார்.

மூன்றாம் நாள் குண்டடத்துச் சந்தைக்காரர் ஒருவர் மஞ்சள் பை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். எட்டிப் பார்க்காமல் இருக்க என்னால் முடியுமா? உள்ளே அந்தக் கரி படாத பனியன். கடிதம் கிடிதம் எதுவும் இல்லை.

மறுநாள் ஸ்டுடியோவில் வரச் சொல்லியிருந்தார்கள். ஆத்தப்பன் அதையே போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போனார். சாயங்காலம் வந்தபோது நெஞ்சில் சிவப்புச் சாயம், ரத்தத்துக்குப் பூசுவார்களாம். மயிலாள் மூன்று தண்ணீரில் அலசியும் போகவில்லை.

அவள் கொடியில் காயப் போட்டபோது நான் வேலியோரம் நின்றிருந்தேன். என்னைக் கண்டதும் கறைப் பக்கத்தைத் தன் வீட்டுச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள்.

"உப்பு வேணுங்களா அக்கா?" என்றாள்.

வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு என் வீட்டுக்குள் போனேன்.